மூடிய கண்கள் கண்ட பெண்

அத்தியாயம் 9

"என் புருஷனை மயக்குனவ யாருன்னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும்" என்றாள் ஆர்லீன் மேப்ரி.

"பேரு மட்டும் போதுமா, ஃபோட்டோவும் வேணுமா?" என்று காபி இயந்திரத்தின் அருகிலிருந்து கேட்டான் ஃபெரிஸ்.

"ஃபெரிஸ்" என்றாள் இமோஜீன் ஸ்ட்ரௌட். அவனை அடக்குவதற்கு அவள் பயன்படுத்தும் முழு வாக்கியம் அதுதான்.

இமோஜீனின் அலுவலகம் ஹார்லோ பெண்ட் ஊரில் டயர் கடைக்கு மேலே இருந்தது. எரிந்த வீடுகள் தாமாக எரிந்தனவா, எரிக்கப்பட்டனவா என்று ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பல ஆண்டுகள் சாம்பலைக் கிளறியவள் அவள். இப்போது அதே வேலையைத் துப்பறிவாளராக, மனிதர்களிடம் செய்துகொண்டிருந்தாள். ஃபெரிஸ் டப் அவளுடைய உதவியாளன். நன்றாகக் கார் ஓட்டுவான், மோசமாகத் தட்டச்சு செய்வான், இரண்டின்போதும் பேசுவான்.

ஆர்லீன் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். பிறருடைய வலியை அமைதியாகக் கேட்டுக்கொள்ளப் பழகிய முகம். தன்னுடையதைச் சொல்ல அந்த முகத்துக்குப் பழக்கமில்லை.

"லோவெல் எங்க பாப்டிஸ்ட் சபையோட பாதுகாப்புக் குழுவுல இருக்கான். ரெண்டு வருஷமா கிழக்கு வாசல் அவனோடது. கார் நிறுத்துற இடத்துலேருந்து எல்லாரும் அந்த வழியாத்தான் வருவாங்க. கதவைத் திறந்து விடுவான், கையைப் பாப்பான், முகத்தைப் பாப்பான், சந்தேகம்னா காதுல மாட்டியிருக்கற கருவியில மத்தவங்களுக்குச் சொல்லுவான். ஆராதனை முடிஞ்சு கடைசி ஆள் போறவரைக்கும் அங்கேயேதான் நிப்பான்."

"சம்பளம் எவ்வளவு?" என்றான் ஃபெரிஸ்.

"சம்பளமா? இது சேவை. கர்த்தருக்கு." கடைசிச் சொல்லை அவள் ஒரு போட்டியாளரின் பெயரை உச்சரிப்பதைப் போல உச்சரித்தாள். "நான் நாலாவது பெஞ்சுல தனியா உக்காருறேன், மிஸ் இமோஜீன். விதவைங்க வரிசையில எனக்கு இப்ப ஒரு இடம் போட்டு வைக்கிறாங்க. என் புருஷன் கூப்பிடு தூரத்துல உயிரோட நிக்கிறான்."

"அந்தப் பெண்ணைப் பத்தி எப்படித் தெரிஞ்சுது?"

"சிஸ்டர் ஓபல் சனிக்கிழமை ஃபோன் பண்ணா. எங்க சபையில ஜெபச் சங்கிலின்னு ஒண்ணு உண்டு. யாருக்காவது கஷ்டம்னா ஒருத்தர் அடுத்தவங்களுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லணும், எல்லாரும் ஜெபிக்கணும். 'ஆர்லீன், கண்ணு, உனக்காகச் சபையே முழங்காலிடுது'ன்னா. எதுக்குன்னு கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் முடிவு ஜெபத்தப்போ மஞ்சள் சால்வை போட்ட ஒருத்தி கிழக்கு வாசலுக்கு வர்றாளாம். லோவெல் அவளைக் கட்டிப் பிடிக்கிறானாம்."

"அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டா இல்லம்பான்."

"உண்மையாவே இல்லன்னா?"

"அப்பவும் இல்லம்பான்."

இமோஜீனால் அதை மறுக்க முடியவில்லை.

ஆர்லீன் ஒரு காகிதப் பையிலிருந்து ஆண்கள் அணியும் கோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஞாயித்துக்கிழமைக் கோட்டு. மோந்து பாருங்க."

இமோஜீன் தோள்பட்டையை முகர்ந்தாள். கோட்டை ஃபெரிஸிடம் நீட்டினாள்.

"லாவெண்டர்" என்றான் அவன். "ரோஜா. இது எங்க அத்தை போடற பவுடர். இது… இருமல் தைலம்."

"இருமல் தைலமா?"

"மயக்குனவளுக்குச் சளி பிடிச்சிருக்கு, மிஸ் இமோஜீன்."

ஆர்லீன் சிரிக்கவில்லை. "இன்னிக்குப் புதன்கிழமை. சாயங்காலம் ஜெபக்கூட்டம். அது முடிஞ்சதும் டீக்கன்மார், சபையை நடத்துற பெரியவங்க, உக்காந்து பேசி அவனைக் குழுவுலேருந்து எடுத்துடப் போறாங்க. 'ஓய்வு கொடுக்கிறோம்'னு சொல்லுவாங்களாம். என் பெட்டி கார்ல இருக்கு. அவ யாருன்னு தெரிஞ்சதும் நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

* * *

லோவெல் மேப்ரி கிழக்கு வாசலின் கீல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். கால்நடைத் தீவனக் கடையில் மூட்டை தூக்கும் உடம்பு. அதற்குள் எங்கோ ஒரு சிறிய குரல்.

"நாங்களும் எங்க சபையில ஒரு பாதுகாப்புக் குழு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்" என்றான் ஃபெரிஸ்.

"மெதடிஸ்டா?"

"ஓரளவுக்கு."

லோவெல் அதை மரியாதையோடு ஏற்றுக்கொண்டு கதவை மூடிக் காட்டினான், திறந்து காட்டினான். இடுப்பில் என்ன வைத்திருக்கிறான் என்று இமோஜீன் கேட்டாள். ஒரு டார்ச்சும் வாக்கி டாக்கியும் என்றான்.

"துப்பாக்கி இல்லையா?"

"ராய்ஸ்கிட்ட இருக்கு. அவரு முறையா பயிற்சி எடுத்தவரு. எனக்கு வேண்டாம்னுட்டேன்." சற்று யோசித்தான். "போன வருஷம் ஆகஸ்ட் மாசம் ஒருத்தன் வந்தான், மேம். வெயில் கொளுத்துது, கனத்த மேல்கோட்டு போட்டிருக்கான். கை ரெண்டும் பைக்குள்ள. ராய்ஸ் காதுல 'நிறுத்து, நிறுத்து'ங்கறாரு. நான் தண்ணி வேணுமான்னு கேட்டேன். அதுக்கு அவன் கையை வெளியில எடுக்கணுமில்ல? எடுத்தான். ஒரு பொம்மை. மக பாடகர் குழுவுல இருந்தாளாம், பாத்து வருஷக்கணக்காச்சாம். கடைசி வரிசையில உக்கார வச்சு நானும் பக்கத்துல உக்காந்துட்டேன். அன்னிக்கு ஒரு நாள்தான் இந்தக் கதவை விட்டேன்."

"இந்த வேலைக்கு ஏன் வந்தீங்க?"

"எனக்குப் பாட வராது. ஞாயிறு பள்ளியில ஒரு தடவை பாடம் நடத்துனேன், பிள்ளைங்க எனக்காக அழுதுச்சுங்க. எனக்கு நிக்க வரும்." கீலைத் துடைத்தான். "கர்த்தருக்கு என்கிட்ட இருக்கறதைத்தானே குடுக்க முடியும்."



"இந்த வாசல்ல வர்றவங்க உங்களைக் கட்டிப் பிடிக்கறதுண்டா?" என்றாள் இமோஜீன்.

"எல்லாரும்தான், மேம். வயசான சிஸ்டர்மாருங்கெல்லாம் வரிசையா நிப்பாங்க. ஆனா போன ஞாயிறு ஒருத்தரும் கிட்ட வரல. கையைத் தட்டிட்டு 'உங்களுக்காக ஜெபிக்கிறோம் பிரதர்'னு போயிட்டாங்க. எனக்கு ஏதாச்சும் வியாதின்னு டாக்டர் சபையில சொல்லிட்டாரோ என்னவோ."

தன்னைப் பற்றிய செய்தி தனக்கு மட்டும் வந்து சேராத ஒரே மனிதன் அவன் என்பதை இமோஜீன் குறித்துக்கொண்டாள்.

"முடிவு ஜெபத்தப்போ என்ன பண்ணுவீங்க?"

"கண்ணைத் திறந்து வச்சிருப்போம், மேம். சபை முழுக்க மூடியிருக்குமில்ல, எவனாச்சும் ஏதாச்சும் பண்ணணும்னா அதான் நேரம். அதனால குழுவுல இருக்கறவங்க திறந்துக்கிட்டே ஜெபிக்கணும். மொதல்ல எனக்கு வரவேயில்ல. சின்ன வயசுல கண்ணைத் திறந்ததுக்கு அம்மாகிட்ட அடி வாங்குனவன் நான்."

"குழுவுல வேற யாரு?"

"ஒருத்தர் கார் நிறுத்துற இடத்துல, ஒருத்தர் பிள்ளைங்க இருக்கற கட்டடத்துல. உள்ள நானும் ராய்ஸ் பிக்கார்டும்தான். அவரு மேல பால்கனியில."

காருக்குத் திரும்பியதும் ஃபெரிஸ் சாவியைப் போட்டான், ஆனால் திருப்பவில்லை. "கோட்டுல இருக்கற வாசனை மொத்தமும் சபையோடது. சளி பிடிச்சவளையும் சேத்து."

"கோட்டு முடிஞ்சுது. கதை முடியல" என்றாள் இமோஜீன். "முடிவு ஜெபத்தப்போ எல்லாருக்கும் கண்ணு மூடியிருக்கும். அப்ப மஞ்சள் சால்வையை யாரு பாத்தது?"

"கண்ணைத் திறந்திருந்தவன்."

"அது ஒரு விடை."

"இன்னொண்ணு என்ன?"

"அது பிடிக்காத விடை. மொதல்ல ஓபல் வீட்டுக்கு ஓட்டு."

* * *

ஓபல் டனவே அன்று மாலை ஜெபக்கூட்டத்துக்கு முன் நடக்கும் விருந்துக்காகக் கோழிக்கறியும் பாஸ்தாவும் கலந்த பெரிய தட்டு ஒன்றை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நான் வம்பு பேசற ஆளே இல்ல. ஜெபக்குறிப்பு மட்டும்தான் சொல்லுவேன்."

"நீங்க அந்தப் பெண்ணைப் பாத்தீங்களா, மேம்?" என்றாள் இமோஜீன்.

"ஜெபத்துலயா? நான் மூடுனா மூடுனதுதான்! என்ன நினைச்சீங்க என்னை?"

"அப்ப யாரு சொன்னாங்க?"

"நாடின் பிக்கார்ட். பியூட்டி பார்லர் வச்சிருக்கால்ல, நம்ம பால்கனி ராய்ஸோட பொண்டாட்டி. என் தலையில சுருட்டைக் குழலைச் சுத்திக்கிட்டே சொன்னா."

ஃபெரிஸ் இமோஜீனைப் பார்த்தான். பால்கனி என்ற சொல்லைக் கேட்டதும் இருவருக்கும் மேசைமேல் கேக்கைக் கண்டதுபோல் இருந்தது.

"மஞ்சள் சால்வைன்னு நாடின் சொன்னாங்களா?"

ஓபல் அடுப்பின் கதவைச் சாத்தினாள். அவசரமில்லாமல் கையுறையைக் கழற்றினாள். "பொம்பளைன்னு சொன்னா."

"சால்வை?"

"குளிர்காலம் பாருங்க. எவளா இருந்தாலும் சால்வை போட்டுத்தானே வந்திருப்பா?"

"மஞ்சள்?"

"நிறமில்லாம எப்படிங்க ஜெபிக்கறது?" என்றாள் ஓபல், உண்மையான வருத்தத்தோடு. "கர்த்தருக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?"

* * *

ராய்ஸ் பிக்கார்ட் ஆலயத்தின் பால்கனியில் இருந்தான். பூட்டுக்கடை வைத்திருப்பவன், ஜெபக்கூட்டம் உள்ள நாளில் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு எல்லா ஜன்னல்களையும் தானே சோதிப்பானாம். அவன் அணிந்திருந்த மேல்சட்டையில், ஒரு மனிதனின் தேவைகளைவிட அதிகமான பைகள் இருந்தன.

அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கான அட்டை ஒட்டகம் ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது.

"உங்க கூட்டாளியா?" என்றான் ஃபெரிஸ்.

"ரெண்டு வருஷமா" என்றான் ராய்ஸ். "சிரிங்க, பரவால்ல. எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

இமோஜீன் நேராகவே கேட்டாள். "லோவெல் மேல உங்களுக்குப் பொறாமையா?"

"ஆமா."

வாக்குமூலம் வாங்குவதற்கென்று அவள் ஆயத்தப்படுத்தி வைத்திருந்த எட்டுக் கேள்விகள் அந்த ஒரு சொல்லில் வீணாயின.

"நான் பயிற்சிக்கே லீவு போட்டுப் போனேன், மேம். முதலுதவி படிச்சேன், தீயணைப்பு படிச்சேன். அவன் படிச்சது ஒண்ணும் கிடையாது. கிழக்கு வாசலை அவனுக்குக் குடுத்தாங்க. ஏன்? அவன் முகம் நல்ல முகமாம். நான் கண்ணாடியில என் முகத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன் அன்னிக்கு." ராய்ஸ் ஒட்டகத்தை லேசாக நகர்த்தினான். "இங்க யாரும் வந்து என்னைக் கட்டிப் பிடிக்கறதில்ல. மேலேருந்து பாத்தா சபை முழுக்க உச்சந்தலைதான். எவனுக்கு வழுக்கை விழுதுன்னு அவன் பொண்டாட்டிக்கு முன்னாடி எனக்குத் தெரியும்."

"லோவெல் ஒரு பெண்ணைக் கட்டிப் பிடிச்சதைப் பாத்தீங்களா?"

"பாத்திருந்தா பொண்டாட்டிகிட்ட கிசுகிசுப்பேன்னா நினைக்கிறீங்க? வாக்கி டாக்கியில நாலு பேருக்கும் கேக்கற மாதிரி சொல்லியிருப்பேன். சந்தோஷமா." அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். "நீங்களே உக்காந்து பாருங்க."

இமோஜீன் உட்கார்ந்தாள். மேடை தெரிந்தது, பெஞ்சுகள் தெரிந்தன, மேற்குப் பக்கத்து வாசல் முழுமையாகத் தெரிந்தது. கிழக்கு வாசல் தெரியவில்லை. அது சரியாகப் பால்கனியின் அடியில் இருந்தது.

"அந்தக் கதவை நான் பாக்கணும்னா தரையில ஓட்டை போடணும்" என்றான் ராய்ஸ். "கேட்டேன். பாஸ்டர் ஒத்துக்கல."

படியிறங்கும்போது ஃபெரிஸ் பெருமூச்சு விட்டான். "அருமையான குற்றவாளி, மிஸ் இமோஜீன். காரணம் இருக்கு, கோபம் இருக்கு, ஒட்டகம் இருக்கு. பாக்கறதுக்குக் கண்ணு மட்டும் எட்டல."

"கண்ணு எட்டற ஒரே இடம் லோவெல் நிக்கிற இடம்தான்" என்றாள் இமோஜீன். அவள் குரலில் உற்சாகம் இல்லை. பிடிக்காத விடை நெருங்கிக்கொண்டிருந்தது.

* * *

பியூட்டி பார்லரில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. நாடின் பிக்கார்ட் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். விரைவாகப் பேசுபவள், அதைவிட விரைவாக முடிவுக்கு வருபவள்.

"ராய்ஸ் சொன்னாரா? ராய்ஸ் என்கிட்ட வழுக்கையைப் பத்தி மட்டும்தாங்க சொல்லுவாரு."

"அப்ப லோவெல் விஷயத்தை உங்ககிட்ட யாரு சொன்னது?" என்றாள் இமோஜீன்.

"ஆர்லீன்தான்."

ஃபெரிஸின் கையில் இருந்த பத்திரிகை தானாக மூடிக்கொண்டது. "எந்த ஆர்லீன்?"

"லோவெலோட ஆர்லீன். போன புதன்கிழமை, ஜெபக்கூட்டத்துல. என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா."

"என்ன சொன்னாங்க? அதே வார்த்தையில சொல்லுங்க."

"ஒண்ணும் சொல்லல. சொல்லாக் குறிப்பு குடுத்தா."

இமோஜீன் உதவியாளனைப் பார்த்தாள். பாப்டிஸ்ட் வீட்டில் வளர்ந்த ஃபெரிஸ் தாழ்ந்த குரலில் விளக்கினான். "ஜெபக்குறிப்பு கேக்கும்போது சிலருக்கு வெளியில சொல்ல முடியாத கஷ்டம் இருக்கும். கையை மட்டும் தூக்கி, 'சொல்லாக் குறிப்பு'ம்பாங்க. சபை என்னன்னு கேக்காம ஜெபிக்கணும். கேக்கக் கூடாதுங்கறதுதான் முறை."

"நான் கேக்கவேயில்லையே!" என்றாள் நாடின். "யோசிச்சேன். அதுக்குத் தடை இல்லையே? கை தூக்கும்போது அவ கண்ணு கலங்குச்சு. உடம்பு சரியில்லையான்னா, ஓபல் செஞ்ச பீக்கன் பருப்புப் பலகாரத்துல ரெண்டு துண்டு சாப்பிட்டிருந்தா. அப்ப உடம்பு இல்ல. வேலையா? பல் டாக்டரால அவ இல்லாம ஒரு நாள் ஓட்ட முடியாது. பிள்ளைங்களும் கிடையாது. அப்ப மிச்சம் யாரு? புருஷன். புருஷன் விஷயத்துல பொண்டாட்டி சொல்ல முடியாதது எது? இன்னொருத்தி."

"அவ எப்ப வர்றா?"

"லோவெல் வேலையிலேருந்து நேரா வீட்டுக்கு. வீட்டுலேருந்து நேரா சபைக்கு. அப்ப சபையிலதான் வரணும். ஆனா நாங்க யாரும் பாக்கலையே? அப்ப நாங்க பாக்காத நேரத்துல வரணும். நாங்க எல்லாரும் ஒண்ணாச் சேந்து பாக்காத நேரம் எது?"

"முடிவு ஜெபம்" என்றாள் இமோஜீன்.

"பாத்தீங்களா! உங்களுக்கும் அதேதான் தோணுது."

நாடின் சொன்னதை இமோஜீன் மனத்துக்குள் படிப்படியாகச் சரிபார்த்தாள். ஒவ்வொரு படியும் சரியாக இருந்தது. ஒன்றிலிருந்து ஒன்று பிசகின்றிப் பிறந்திருந்தது. தான் பிழைப்பு நடத்துவது இதே முறையில்தான் என்பதும், இதுவரை இது தன்னைக் கூசவைத்ததில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தன.

"யாருமே பாக்கல" என்றான் ஃபெரிஸ் வெளியே வந்து. "அதான் அந்த இன்னொரு விடையா?"

"அதான்."

"அப்ப ஆர்லீன் கையைத் தூக்குனா. நாடின் பொம்பளையைச் செஞ்சா. ஓபல் சால்வை நெய்து மஞ்சள்ல முக்குனா. அதை ஃபோன்ல ஆர்லீனுக்கே அனுப்புனாங்க. இவ அதை எடுத்துக்கிட்டு நம்மகிட்ட வந்துட்டா."

"தன்னோட பயத்தை அடுத்தவங்க வாயால கேட்டா சாட்சி மாதிரி இருக்கும்" என்றாள் இமோஜீன். "காரை எடு."

* * *

சபையின் முன்னால் கார்கள் வரத் தொடங்கியிருந்தன. ஆர்லீன் தன் காரை விட்டு இறங்காமல் உள்ளேயே இருந்தாள். பின் இருக்கையில் பெட்டி. இமோஜீன் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஃபெரிஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றான்.

"அப்ப… அப்படி ஒருத்தியே இல்லையா?"

"இல்ல."

ஆர்லீன் நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்தாள். தோள்கள் குலுங்கின, அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"நான் ஆரம்பிச்சதா இது?"

"நீங்க கையைத் தூக்குனீங்க. அவ்வளவுதான். எதுக்காகத் தூக்குனீங்க?"

ஆர்லீன் கிழக்கு வாசலைப் பார்த்தாள். லோவெல் ஒரு கிழவிக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாருங்க அவனை" என்றாள். "அவங்க இடுப்பு வலி எப்படி இருக்குன்னு கேக்கறான். வாராவாரம் கேக்கறான். போன மாசம் எனக்குத் தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. வீட்டுல அவன் கவனிக்கவேயில்ல. எங்க வீட்டுக் கதவு வழியா நான் வந்தா அவன் நிமிர்ந்து பாக்கறதில்ல, மிஸ் இமோஜீன். ஒரு கதவு மேல பொறாமைன்னு சபை நடுவுல எப்படிச் சொல்றது? அதுவும் கர்த்தரோட வேலை. நான் யாரை எதிர்த்துப் போட்டி போடறேன்னு பாருங்க!"

"டீக்கன்மாருங்க இன்னும் அந்தப் பெண்ணை நம்பிக்கிட்டிருக்காங்க" என்றாள் இமோஜீன். "நான் உங்களுக்காக வேலை பாக்கறவ. நீங்க சொல்லாம நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"சொன்னா?"

"லோவெலுக்குக் கதவு நிலைக்கும்."

"சொல்லலன்னா?"

"அடுத்த ஞாயிறு அவரு நாலாவது பெஞ்சுல, உங்க பக்கத்துல."

ஆர்லீன் வெகுநேரம் கிழக்கு வாசலையே பார்த்தாள்.

"அப்ப என் ஜெபம் கேக்கப்பட்டுருச்சு" என்றாள் மெதுவாக. "இப்படித்தானா?"



* * *

விருந்து முடிந்து எல்லாரும் ஆலயத்துக்குள் கூடினார்கள். இமோஜீனும் ஃபெரிஸும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். லோவெல் தன் வாசலில் நின்றான். ராய்ஸ் பால்கனிப் படிக்கட்டின் அடியில். முன்வரிசையில் டீக்கன்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அமர்ந்திருந்தார்கள்.

பாஸ்டர் ஹஃப் ஜெபக்குறிப்புகளைக் கேட்டார். ஒருவருக்கு மூட்டு அறுவை. ஒருவருடைய பேரன் ராணுவத்தில். மேய்ச்சல் நிலங்களுக்கு மழை வேண்டும். நாடின் சொல்லாக் குறிப்பு கொடுத்தாள். கொடுக்கும்போது ஆர்லீனைப் பார்த்தாள்.

ஆர்லீன் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற யாராவது?" என்றார் பாஸ்டர். யாருமில்லை. "அப்ப ஜெபிப்போம்."

தலைகள் குனிந்தன. ஃபெரிஸ் இமோஜீனின் முழங்கையைத் தொட்டு, உதட்டைப் பிதுக்கினான்.

"பாஸ்டர்" என்றாள் ஆர்லீன்.

தலைகள் நிமிர்ந்தன.

"சொல்லாக் குறிப்பா, சிஸ்டர்?"

"போன வாரம் அதான் குடுத்தேன். இந்த வாரம் அதைச் சொல்லிடறேன்." அவள் எழுந்து நின்றாள். முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கிழக்கு வாசலுக்கு எந்தப் பொம்பளையும் வரல. வந்ததா யாரும் பாக்கவும் இல்ல. நான் கையைத் தூக்குனது எனக்குப் பொறாமை வந்ததால. உங்க எல்லார் மேலயும். உங்களுக்கெல்லாம் கதவைத் திறந்து விடறான். உங்க இடுப்பு, உங்க முட்டி, உங்க நாய்க்குட்டி வரைக்கும் விசாரிக்கிறான். எனக்கும் அந்த வாசல் வழியா வரணும்னு ஆசை. ஆனா நான் எப்பவும் அவனோட வர்றேன்… இல்ல, அவனுக்குப் பின்னால வர்றேன். என்னை அவன் பாக்கறதில்ல." நின்றாள். "அவனை எடுத்துடாதீங்க. அவனுக்கு அது ஒண்ணுதான் வரும். அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அமைதியில் ஓபல் டனவே எழுந்தாள். "நிறம் மட்டும் என்னோடது" என்று அறிவித்துவிட்டு அமர்ந்தாள். நாடின் தன் கைப்பைக்குள் எதையோ தீவிரமாகத் தேடினாள்.

டீக்கன்மார் ஒருவரையொருவர் பார்க்கத் துணிந்தார்கள். அவர்களில் மூத்தவர் தொண்டையைச் செருமி, இன்றைக்குப் பேச வேண்டிய பொருள் ஒன்றும் இல்லை என்றார்.

லோவெல் அசையவில்லை. அவன் காதுகள் சிவந்திருந்தன. கதவைப் பார்த்தான், மனைவியின் முதுகைப் பார்த்தான், மறுபடி கதவைப் பார்த்தான். நிற்க மட்டுமே தெரிந்த அந்த மனிதன், இப்போது நிற்பது எப்படி என்பதையே மறந்துவிட்டவனைப் போலிருந்தான்.

"டேய் லோவெல், போடா" என்றது படிக்கட்டின் அடியிலிருந்து ஒரு குரல்.

ராய்ஸ் பிக்கார்ட் தன் எண்ணற்ற பைகளோடு ஆலயத்தைக் குறுக்கே கடந்து வந்தான். "ஒரு ஞாயிறு நீ, ஒரு ஞாயிறு நான். இந்தக் கதவுக்கு ரெண்டு வருஷமா ஏங்கறேன், உனக்கே தெரியும். என் வாரம் வந்தா நீ உன் பொண்டாட்டி பக்கத்துல உக்காரு. உன் வாரத்துல நான் ஒட்டகத்துக்கிட்ட போறேன்."

"உங்களுக்குச் சிரிக்க வராதே, ராய்ஸ்" என்றான் லோவெல், உண்மையான கவலையோடு.

"பழகிக்கறேன்டா. அதுக்கும் பயிற்சி இருக்கும்."

யாரோ சிரித்தார்கள், பிறகு பலர் சிரித்தார்கள். லோவெல் காதுக்கருவியைக் கழற்றி ராய்ஸின் உள்ளங்கையில் வைத்தான். பெஞ்சுகளுக்கு நடுவே இருந்த பாதையில் நடந்து நாலாவது பெஞ்சுக்கு வந்தான். அங்கே உட்கார எவ்வளவு இடம் வேண்டும் என்பது அவனுக்கு நினைவில்லை, ஆர்லீன் நகர்ந்துகொண்டாள்.

"தோள்பட்டை எப்படி இருக்கு?" என்றான் அவன்.

"போன மாசம் வலிச்சது."

"தெரியும். கேக்கத் தெரியல."

ஆர்லீன் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு திரும்பி, கிழக்கு வாசலில் நெஞ்சை நிமிர்த்திப் புன்னகையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ராய்ஸை அளவெடுப்பதுபோல் பார்த்தாள்.

"அதெல்லாம் சரி" என்றாள், சபை முழுவதும் கேட்கும்படி. "முதல் ஞாயிறு யாருக்கு?"